கடல் பார்க்கப் போகிற செலவில் எதைக் குறைக்கலாம்?

எங்கள் விஸ்வநத்தத்தில் தீபாவளி கழிந்த மறு வாரம் வருஷம் தவறாமல் ஒரு காட்சி நடக்கும். பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும். போனஸ் பணம் கொஞ்சம் கையில் மிச்சம் இருக்கும். ராத்திரி பத்து, பதினொரு மணிக்குத் தெருமுனையில் ஒரு வேன் வந்து நிற்கும். பாய், போர்வை, தண்ணீர்க் குடம், அரிசிப் பை, சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் ஏறும். கடைசியாக ஆட்கள் ஏறுவார்கள். பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் இருபது பேர். எங்கே பயணம் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "திருச்செந்தூருங்கய்யா. அப்படியே கன்னியாகுமரி."

இந்த முறை வேன் போய்த் திரும்பிப் பத்து நாள் கழித்து, எதிர் வீட்டுப் பெண் எங்கள் திண்ணைக்கு வந்தாள். வெடிக்குத் திரி வைக்கிற வேலை பார்ப்பவள். வயது நாற்பது இருக்கும்.

"ஐயா, நீங்க சர்க்கார்ல கணக்கு எழுதுன ஆளு. நாலு பேரு கடலுக்குப் போயிட்டு வர இம்புட்டா செலவாகும்? போனஸும் போச்சு, மேக்கொண்டு வட்டிக்கும் வாங்கியாச்சு. அடுத்த வருசமாச்சும் கொறைச்சலாப் போக ஒரு வழி சொல்லுங்க" என்றாள்.

சிக்கனத்தைப் பற்றி யாராவது என்னிடம் யோசனை கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதமும் பேனாவும் எடுத்துவிட்டேன். அதற்குள் உள்ளேயிருந்து என் வீட்டம்மா குரல் கொடுத்தாள்: "அவர்கிட்டயா கேக்குற? மொதல்ல அந்த மூணு பேர் கணக்கைச் சொல்லச் சொல்லு!"

அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பெண் கேட்டதற்குப் பதில்.

நம் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 1985-ல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை நமக்கும் கடல் இருந்தது. சிவகாசியும் ராமேஸ்வரமும் ஒரே மாவட்டம். பிரித்தபோது பட்டாசும் தீப்பெட்டியும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் நம் பக்கம் வந்தன. கடல் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் தூரம் ஒன்றும் அதிகமில்லை. விளாத்திகுளம் தாண்டி வேம்பார் கடற்கரை சுமார் 100 கிலோமீட்டர். கோவில்பட்டி, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் 140 கிலோமீட்டர் சொச்சம். காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினால் மத்தியானத்துக்குள் காலை நனைத்துவிடலாம்.

அப்படியிருக்க, செலவு எங்கே ஏறுகிறது? போகிற நாளில்தான் ஏறுகிறது.

தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம். தமிழ்நாட்டின் பாதி அங்கே நிற்கும். லாட்ஜ்காரர் சொன்னதுதான் வாடகை. அதைத் தாண்டினால் கார்த்திகை முதல் தேதி ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டுவிடுவார்கள். அங்கிருந்து மகரவிளக்கு வரை கன்னியாகுமரியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. இதற்கு நடுவே வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிப்பு என்று சொல்லிப் படகை நிறுத்திவிடுவார்கள். நம் ஆட்கள் வட்டிக்கு வாங்கிய பணத்தில் போய், மழையில் நனைந்து, படகில்லாமல் பாறையைக் கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். வருஷத்திலேயே அதிக விலை, வருஷத்திலேயே மோசமான கடல். அந்த வாரத்தில்தான் நம் ஊர் கடலுக்குப் போகிறது.

ஆகவே நான் எழுதிக் கொடுத்த முதல் யோசனை: மாசி மாதம் போ. மழை ஓய்ந்து, வெயில் முற்றாமல், காற்று சுகமாக இருக்கும். திருச்செந்தூரில் மாசித் திருவிழா நடக்கும் நாட்களை மட்டும் விட்டுவிடு. செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள், கூட்டம். வியாழன் குருவுக்கு, கூட்டம். வெள்ளி முதல் ஞாயிறு வரை கேட்கவே வேண்டாம். புதன்கிழமை போ. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியவர்கள் சொன்னது லாட்ஜ் வாடகைக்கும் பொருந்தும்.

இரண்டாவது: வட்டிக்கு வாங்காதே. ஐந்து வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினால் மாதம் 500 ரூபாய். பத்து மாதம் இழுத்தால் வட்டியே 5,000. வாரம் 100 ரூபாய் சீட்டுப் போட்டால் 52 வாரத்தில் 5,200. போன பயணத்துக்குக் கட்டும் வட்டியும் அடுத்த பயணத்துக்குச் சேர்க்கும் சீட்டும் கிட்டத்தட்ட ஒரே தொகை. முன்னால் கட்டினால் கடல், பின்னால் கட்டினால் கடன்.

மூன்றாவது: கோயிலில் இருக்கும் வசதியைக் கூச்சப்படாமல் பயன்படுத்து. திருச்செந்தூரில் 2021 முதல் நாள் முழுக்க அன்னதானம் உண்டு. அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டை போடக் கட்டணம் கிடையாது, அதுவும் 2021-லிருந்துதான். தங்குவதற்குத் தேவஸ்தான அறையை முதலில் விசாரி, லாட்ஜைப் பிறகு பார்.

நான்காவது: சாத்தூரிலோ விருதுநகரிலோ ரயில் ஏறித் திருநெல்வேலி போய், அங்கிருந்து திருச்செந்தூர் பாசஞ்சரைப் பிடி. நெருக்கியடித்த வேனைவிடச் செலவு குறைவு, உயிருக்கும் நல்லது. இதில் எங்களைப் போன்ற கிழங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. 60 வயதான ஆணுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்ணுக்கு 50 சதவீதமும் ரயிலில் சலுகை தந்துகொண்டிருந்தார்கள். 2020 மார்ச்சில், கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. மூத்த குடிமக்கள் வீட்டிலேயே இருந்தால் நல்லது என்று அன்று சொன்ன காரணம் இன்று எப்படிப் பொருந்தும்? இதை நாம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதிக் காகிதத்தை நீட்டினேன். அவள் மகனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"புதங்கிழமை போனா ரெண்டு நாள் கூலி போகுமேய்யா. எனக்கும் அவருக்கும் சேர்த்து நாலு கூலி. லாட்ஜுல மிச்சம் புடிச்சு அதுலதான போடணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷம் கணக்கு எழுதிய எனக்கு, செலவுப் பக்கத்தில் அவள் கூலியை எழுதத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்றால், நான் லீவு போட்ட எந்த நாளும் எனக்குச் சம்பளம் போனதில்லை.

இங்கே ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். நான் காரைக்காலில் பிறந்தவன், பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் ஒருவர் 1936 என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அந்த வருஷம் பிரான்சில் லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசாங்கம் வந்தது. தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் மாதம் சட்டம் வந்தது: தொழிலாளிக்கு வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. அதோடு லியோ லக்ரான்ஜ் என்ற துணை அமைச்சர் ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார். அந்தக் கோடையில் பாரீஸ் ஆலைகளில் வேலை பார்த்த எத்தனையோ பேர் பெண்டாட்டி பிள்ளைகளோடு முதல் முறையாகக் கடலைப் பார்த்தார்கள். அதுவரை கடற்கரை ஓய்வு என்பது சீமான்களின் சமாச்சாரம்.

வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியம்தான். கடலைப் பார்ப்பதற்கு ஒரு சட்டமா? எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்தால் அரசலாறு கடலில் கலக்கும் இடம் வந்துவிடும். கடல் எனக்குத் தெருக்குழாய் மாதிரி. வாத்தியார் சொன்னதன் அர்த்தம், தீப்பெட்டிக் கலால் வரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக 1978-ல் சிவகாசிக்கு வந்து, இந்தக் கந்தக பூமியிலேயே பெண்ணெடுத்து, விஸ்வநத்தத்தில் வீடும் கட்டி, இத்தனை வருஷம் கழித்துத்தான் புரிகிறது. அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் சிக்கனமாகச் செலவு செய்து கடலுக்குப் போகவில்லை. போகிற நாளின் கூலியை வெட்டாததால் போனார்கள்.

நம் நாட்டில் சட்டமே இல்லையா என்றால், இருந்தது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி, ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த வருஷம் வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. எதிர் வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். சிரித்தாள். "வேலைக்குப் போனாத்தானய்யா கூலி. எத்தனை குரோஸ் முடிச்சமோ அத்தனைக்குத்தான் காசு" என்றாள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஊரில், மழை பெய்தாலே வேலை நின்றுபோகிற தொழிலில், ஆலையில் விபத்து நடந்தால் சுற்றுவட்டாரமே சோதனைக்குப் பயந்து பூட்டிவிடுகிற இடத்தில், 240 நாளை யார் எண்ணுகிறார்கள்?

எனக்கோ, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சொந்த ஊருக்குப் போய்வர, குடும்பத்தோடு எல்.டி.சி. கிடைத்தது. டிக்கெட் காசு சர்க்கார் கொடுத்தது, லீவுக்குச் சம்பளமும் கொடுத்தது. அப்படிப்பட்டவன் சிக்கனத்தைப் பற்றி அவளுக்குப் பாடம் நடத்தினேன்!

இப்போது மூணு பேர் கணக்கு.

எனக்குத் தினமும் செலவு எழுதும் பழக்கம் உண்டு. பழைய நோட்டுகளெல்லாம் பரணில் இருக்கின்றன. 1986 மே மாத நோட்டில், கன்னியாகுமரிப் பயணம் என்று ஒரு பக்கம். பஸ், லாட்ஜ், காபி, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்குச் சங்கு மாலை, எல்லாம் பைசா சுத்தமாக எழுதியிருக்கிறேன். நடுவில் ஒரு வரி: "படகு – 3 பேர்."

போனது நாலு பேர். நான், வீட்டம்மா, மூத்தவள், சின்னவன். விவேகானந்தர் பாறைக்குப் படகு டிக்கெட் எடுக்கும் வரிசையில் நின்றபோது, ஒரு டிக்கெட்டை மிச்சம் பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. "சாமான்களை யார் பார்த்துக்குவா? நீ இங்கேயே இரு, நாங்க போய்ட்டு வந்துர்றோம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் மூன்று ஜோடிச் செருப்பு, அரிசிப் பை, பம்ப் ஸ்டவ் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள். திரும்பி வந்தபோது ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சாதம் வடித்து வைத்திருந்தாள். நான் அவளை மெச்சினேன். ஓட்டல் செலவும் மிச்சம்.

அவள் வறண்ட கரிசக்காட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன் கடலையே பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பின் காரைக்காலுக்கு எத்தனையோ தரம் போனாள். ஆனால் மாமியார் வீட்டுக்குப் போன மருமகளுக்கு ஏது கடற்கரை? மீன் ஆய்கிற வேலைதான் கடலோடு அவளுக்கிருந்த சம்பந்தம். எனக்குக் கடல் புளித்துப்போன சரக்கு என்பதால், அவளுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை.

ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து மறுபடி கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனேன். இந்த முறை முதலில் அவளுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். 2000-ல் திறந்த வள்ளுவர் சிலையும் அங்கே நின்றது. படகுத் துறையில் இறங்கும்போது படகு ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. இரண்டு பேர் கை கொடுத்தார்கள். காலைத் தூக்கினாள், முடியவில்லை. பின்னால் வரிசை முனகியது. திரும்பி என்னைப் பார்த்து, "நான் இங்கேயே உக்காந்துக்கிறேன். செருப்பைக் குடுங்க, பாத்துக்கிறேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் போகவில்லை. இரண்டு டிக்கெட்டும் வீணாயிற்று. என் வாழ்நாளில் வீணான காசுகளில் அதைத்தான் நோட்டில் எழுதாமல் விட்டேன். இப்போது பாறையிலிருந்து சிலைக்குப் போகக் கண்ணாடிப் பாலமே போட்டுவிட்டார்கள், 77 மீட்டர் நீளமாம். ஆனால் பாறைக்குப் போக இன்றும் படகுதான் ஏற வேண்டும்.

அதனால் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவதாக ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தேன். எதையெல்லாம் குறைக்கக் கூடாது என்று.

ஆள் டிக்கெட்டைக் குறைக்காதே. நாலு பேர் போனால் நாலு பேரும் படகு ஏற வேண்டும். காசு போதவில்லையா, நாலு பேரும் கரையில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ஒருத்தர் மட்டும் செருப்புக்குக் காவல் இருக்கிற பயணம் வேண்டாம்.

அடுப்பைத் தூக்காதே. முதல் வேளைக்குப் புளியோதரை கட்டிக்கொள், போதும். அதற்கு மேல் அடுப்பும் அரிசியும் கொண்டுபோனால், வீட்டுச் சமையலறையைக் கடற்கரைக்கு மாற்றினோம் என்றுதான் அர்த்தம். வருஷம் முழுக்க மருந்துத் தூசியில் வேலை பார்த்து, வீட்டுக்கு வந்து உலை வைக்கிற பெண் இரண்டு நாளாவது இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா? அந்த ஓட்டல் காசைச் செலவு என்று எழுதாதே. அவளுடைய லீவுச் சம்பளம் என்று எழுது.

வண்டியில் ஆளை அடைக்காதே. பகல் முழுக்க ஓட்டிய டிரைவரை ராத்திரியும் ஓட்டச் சொல்லாதே. ஆபத்தோடு பிழைக்கிற ஊர் இது. ஆலையில் தப்பித்தவர்கள் சாலையில் போய் மாட்டக் கூடாது.

கடைசியாக, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லாதே. என்னைக் கேட்டால் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய செலவு. பணத்தை அடுத்த வருஷத்துக்குச் சேர்த்து வைக்கலாம். முழங்காலைச் சேர்த்து வைக்க முடியாது.

இது அவளுக்குச் சொன்னது. ஆலை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்களில் பலர் எனக்குப் பழக்கம், இந்தத் தொழிலின் கஷ்டமும் எனக்குத் தெரியும். தீபாவளிக்கு போனஸ் கொடுக்கிறீர்கள், நல்லது. அதோடு மாசியிலோ பங்குனியிலோ மூன்று நாள், கூலியோடு, முறை வைத்து லீவு கொடுத்துப் பாருங்கள். ஒரே வாரத்தில் ஊரே கிளம்ப வேண்டியதில்லை. மூன்று நாள் கூலியில் நீங்கள் ஏழையாகிவிட மாட்டீர்கள். 1936-ல் பிரெஞ்சு முதலாளிகளும் குடி முழுகிப் போகும் என்றுதான் சொன்னார்கள். முழுகவில்லை. இரண்டு வாரம் பிற்பாடு மூன்று வாரமானது, அதன் பிறகு நான்கு, இப்போது ஐந்து வாரம்.

எதிர் வீட்டுப் பெண் இரண்டு காகிதத்தையும் மடித்து வாங்கிப் போனாள். நாலு நாள் கழித்து மறுபடி வந்தாள். தெருவில் ஒன்பது வீட்டுக்காரர்களைச் சேர்த்திருக்கிறாள். வாரம் 100 ரூபாய்ச் சீட்டு. பணத்தை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது என் பெயரைச் சொன்னார்களாம். "ஐயா ஒரு பைசா விட மாட்டாரு" என்று யாரோ சொன்னார்களாம். நல்ல பெயர்தான்.

கன்னியாகுமரி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. திருச்செந்தூர்தான். அங்கே கடலுக்குள் இறங்கப் படகு வேண்டாம், மணலில் உட்கார்ந்தால் அலை தானாக வந்து காலைத் தொடும். ஒன்பது வீடு, எங்கள் வீட்டோடு பத்து. புது நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் பெயர்களை எழுதினேன். வீட்டம்மா கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, விரல் விட்டு ஒவ்வொரு பெயராக எண்ணிப் பார்த்தாள்.

முதல் பெயர் அவளுடையது.